வரி எண் இல்லாத இல்லத்துக்குத் தொண்டு விடுப்பு வாங்கிய கதை

நியூயார்க் ஈஸ்ட் ஃபர்ஸ்ட் தெருவில் பசித்தவர்களுக்கு உணவளிக்கும் கத்தோலிக்க வொர்க்கர் இல்லத்துக்குப் போய்ச் சூப் பரிமாறுவது எளிது; அதற்காக அலுவலகத்தில் தொண்டு விடுப்பு (தொண்டு வேலைக்கென நிறுவனம் தரும் விடுப்பு) வாங்குவதுதான் ஆளைச் சோர்வடையச் செய்யும் வேலை. அமெரிக்க நிறுவனங்களில் இருக்கும் நம்மவர் பலரும் இந்த விடுப்பைப் பயன்படுத்த எண்ணுவதால், நான் பட்ட பாட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தின் இணையப் படிவம் முதலில் கேட்பதே தொண்டு அமைப்பின் வரி அடையாள எண்ணைத்தான். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, அன்று பொறுப்பிலிருந்த பெண்மணி அப்படி எதுவும் தங்களிடம் இல்லை என்று இயல்பாகச் சொல்லிவிட்டு, காலையில் வந்தால் காய்கறி நறுக்க ஆள் தேவைப்படும் என்றார். இதை மனிதவளத் துறைக்குத் தெரிவித்தேன். எண் இல்லாவிட்டால் அமைப்பின் கடிதத்தாளில் நிர்வாகி கையொப்பமிட்ட சான்று வேண்டும் என்று பதில் வந்தது. அதற்காகவே நியூ ஜெர்சியிலிருந்து ரயிலேறிப் போன பயணம் முழுவதும் வீணாயிற்று. அங்கே நிர்வாகி என்று ஒருவரும் இல்லை, கடிதத்தாளும் இல்லை. சம்பளமின்றி அங்கேயே தங்கியிருப்பவர்களும் வந்து போகும் தன்னார்வலர்களும் சேர்ந்தே எல்லாவற்றையும் நடத்துகிறார்கள்.

இது அலட்சியத்தால் வந்த குறை அன்று, கொள்கை. டாரதி டேயும் பீட்டர் மாரினும் 1933-இல் தொடங்கிய இயக்கம் இது. பசித்தவருக்கு உணவளிக்க அரசிடம் அங்கீகாரம் கேட்க வேண்டியதில்லை என்று கருதி, டே வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கவே மறுத்துவிட்டார். 1972-இல் வரித்துறை ஏறக்குறைய 3,00,000 டாலர் கேட்டபோதும் அவர் அசையவில்லை. அதே ஆண்டில் துறைதான் பின்வாங்கியது. அதற்கு முன்பே, 1960-இல், இயக்கத்திடமிருந்து கையகப்படுத்திய கட்டடத்துக்கான தொகையோடு நகராட்சி கொடுத்த வட்டியை, வட்டி வாங்குவதில் தமக்கு உடன்பாடில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் சான்று வாங்கிவரும்படி எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியது.

கடைசியில் வழிகாட்டியவர் பக்கத்து இருக்கை நண்பர். அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலின் அடியில் 'பதிவு பெறாத சமூகப் பணி' என்றொரு பிரிவு ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் எண் கேட்காமல் விண்ணப்பம் நேரே மேலாளருக்குப் போய்விடுகிறது. மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பிய மனிதவளத் துறை இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மேலாளர் தேநீர் இடைவேளைக்குள் ஒப்புதல் அளித்துவிட்டார். உங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஆனால் இந்த வழியில், ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாக நிறுவனமும் தரும் இணை நன்கொடை கிடைக்காது. நீங்கள் தரும் பணத்துக்கு வரிக்கழிவையும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன நாளில் ஒரு சிக்கலும் இல்லை: வெங்காயம் நறுக்கினேன், சூப்பும் ரொட்டியும் பரிமாறினேன், பாத்திரம் துலக்கினேன். என் மதம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. வேலை செய்பவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் உண்டு.

எஃப் ரயிலில் செகண்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். சூப் நேரத்தில் போய் இயக்க வரலாறு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் கை ஒழியாது. படம் எடுக்காதீர்கள், வரிசையில் நிற்பவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். பழைய துணிகளை மூட்டையாகக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன், தேவையா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். டே வாழ்ந்து 1980-இல் மறைந்த, இயக்கத்தின் இன்னொரு இல்லமான மேரி ஹவுஸ், ஈஸ்ட் தேர்ட் தெருவில் நடக்கும் தூரத்திலேயே இருக்கிறது.

இன்னொரு தடங்கலும் உண்டு. வேலை செய்த நேரத்தை உறுதிப்படுத்த அமைப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியைப் படிவம் மறுபடி கேட்கும். அங்கே மேலாளரின் முகவரியையே அவர் சம்மதத்துடன் இடுங்கள்; எந்த மறுப்புமின்றி ஏற்றுக்கொள்கிறது.