சின்னக் கட்சியில் தேர்தல் நிதி: பணம் வந்துவிடும், அதற்கான காகிதம்தான் வராது

2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளருக்கு நான்தான் தேர்தல் முகவர். கட்சி பெயரும் தொகுதி பெயரும் வேண்டாம், எல்லோர் முகத்திலும் இன்னும் முழிக்க வேண்டியிருக்கிறது. பதிவு செய்த, ஆனால் அங்கீகாரமும் அதனால் நிரந்தரச் சின்னமும் இல்லாத கட்சி. தமிழ்நாட்டில் களத்தில் நின்ற 950 பேரில் எங்கள் ஆளும் ஒருவர். டெபாசிட் போனது. அதில் வருத்தமே இல்லை, 25,000 ரூபாய் போகும் என்று தெரிந்துதான் கட்டினோம். ஆனால் கட்சி கொடுத்த உதவிக்குக் கணக்குக் காட்டுவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்து நிற்கப்போகும் சின்னக் கட்சிக்காரர்கள் யாராவது படித்தால் உதவட்டும்.

எங்களைப் போன்ற கட்சிகள் வேட்பாளருக்கு உதவுவது மூன்று வழியில்தான். ஒரு மொத்தத் தொகை கொடுப்பார்கள், தலைமையிலிருந்து நோட்டீஸும் கொடியும் அச்சடித்து அனுப்புவார்கள், தலைவர் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவார். மூன்றும் எங்களுக்குக் கிடைத்தன, மூன்றிலும் மாட்டினோம். தொகை ஆளுக்கு இரண்டு லட்சம் என்று கட்சிக் கூட்டத்தில் முடிவானது, மீதியை வேட்பாளரே திரட்டிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு லட்சமும் உண்டியலிலும் நன்கொடை ரசீதிலும் சேர்ந்த காசு. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்றுதான் ரத்து செய்திருந்தது என்பதால் தெரிந்தவர்கள் எல்லாம் ‘உங்க கட்சிக்கு எத்தனை கோடி பாண்டு வந்துச்சு’ என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். கடைசித் தேர்தலில் ஒரு சதவீத வாக்காவது வாங்கிய கட்சிக்குத்தான் பத்திரம் வழியாக நன்கொடை பெறவே தகுதி இருந்தது, நாங்கள் அந்தப் பக்கமே போக முடியாது என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 95 லட்சம் என்று ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சின்னக் கட்சிக்கு உச்சவரம்பைத் தாண்டும் பயம் கிடையாது. எழுதுகிற ஒவ்வொரு செலவுக்கும் நேராக ஒரு வரவு நிற்க வேண்டும், வரவுக்கு ஒரு காகிதம் நிற்க வேண்டும், இந்த இரண்டுதான் கழுத்தைப் பிடிக்கும்.

முதலில் வங்கி. தேர்தல் செலவுக்கென்றே தனிக் கணக்கு, வேட்புமனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது திறந்திருக்க வேண்டும் என்பது விதி. வேட்பாளர் பெயரில் தனியாகவோ முகவரோடு சேர்த்தோ திறக்கலாம். குடும்பத்தினரை, அவர்கள் முகவராக இல்லாதபட்சத்தில், சேர்க்கக் கூடாது. நாங்கள் போன கிளையில் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமலே, ‘சார், மார்ச் மாசம், இயர் எண்டிங், ஏப்ரல் ரெண்டாந்தேதிக்கு அப்புறம் வாங்க’ என்றார். மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளே மார்ச் 27! வேட்பாளர்களுக்கு உடனே கணக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிற கடிதத்தின் நகலை நீட்டினேன், அதை அவர் படித்ததாகவே தெரியவில்லை. கடைசியில் வேலை செய்தது ஒரு போன். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் உண்டு, அவர் எண்ணைத் தேர்தல் செலவினப் பிரிவில் கேட்டால் கொடுப்பார்கள். அவர் பேசிய பிறகு அதே அதிகாரி எங்களுக்கு நாற்காலி எல்லாம் போட்டார். கணக்கு அன்றே திறந்தது. செக் புத்தகம் தபாலில்தான் வரும் என்றதும் கையோடு சில தனி செக் தாள்களைக் கேட்டு வாங்கி வந்தோம், இதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பணம் இருந்தும் கொடுக்க வழி இருக்காது.

இவர் எங்கள் கட்சி வேட்பாளர் என்று காட்டும் படிவம் ஏ, பி, பத்து முன்மொழிபவர்கள், பிரமாணப் பத்திரம், பரிசீலனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

அப்புறம் கட்சிப் பணம். எங்கள் கட்சிக் கணக்கில் தலைவர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும், இணைய வங்கி வசதி கிடையாது. தலைவர் பிரச்சாரத்தில் வேறு மாவட்டத்தில். 28ஆம் தேதி மாலை கையெழுத்து கிடைத்ததாகப் பொருளாளர் சொன்னார். மறுநாள் புனித வெள்ளி. சனிக்கிழமை வங்கி உண்டு, ஆனால் செக் கொண்டுபோக வேண்டியவர் ஊரில் இல்லை. ஞாயிறு. ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்பு. பிரச்சாரம் ஏப்ரல் 17 மாலை ஆறு மணிக்கு ஓய்கிறது, எங்கள் கையில் கட்சிக் காசு ஒரு ரூபாய் இல்லை. வாடகை வேனுக்கு முன்பணம் கேட்கிறார்கள், மைக் செட்காரர் முகம் கறுக்கிறது. நடுவில் பொருளாளர் ஒரு யோசனை சொன்னார்.

‘தம்பி, நம்ம பையன்கிட்ட கையிலயே குடுத்து அனுப்பிடறேன், நீங்க கணக்குல போட்டுக்கங்க.’

‘அண்ணே, வேணவே வேணாம்’ என்று கும்பிட்டேன். கட்சி வேட்பாளருக்குக் கொடுக்கிற பணம் கோடிட்ட செக், டிராஃப்ட், வங்கிப் பரிமாற்றம் இவற்றில் ஒன்றாகத்தான் வர வேண்டும், ரொக்கமாகக் கூடாது என்று ஆணையம் 2014லேயே சொல்லிவிட்டது. போதாததற்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்தோடு வழியில் பிடித்தால் அந்தப் பையனும் மாட்டுவான், பணமும் கருவூலத்துக்குப் போகும், செய்தியில் எங்கள் கட்சிக்கு முதல் முறையாகப் பெயரும் வரும். வேட்பாளர் தன் மனைவியின் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தத் தனிக் கணக்கில் போட்டு ஓட்டினார். கட்சித் தொகை 2ஆம் தேதி வந்து சேர்ந்தது. இரண்டு லட்சம் இல்லை, ஒன்றரை. மீதி ஐம்பதாயிரம் நோட்டீஸுக்குக் கழித்தாகிவிட்டதாம். அந்தக் கழிவுதான் பிறகு எங்களைப் படுத்தியது.

நோட்டீஸ் கதைக்கு வருகிறேன். சின்னம் ஒதுக்கீடு மார்ச் 30 வரை இழுக்கும் என்பதால் தலைமையில் அதற்குப் பிறகுதான் அச்சடித்தார்கள், அது யார் தப்பும் இல்லை, அங்கீகாரம் இல்லாத பல கட்சிகளுக்கும் இதே கதிதான். கட்டுகள் ஒரு நிர்வாகியின் காரில் வந்தன. எங்கள் தொகுதி எல்லைக்குள் நுழைந்ததும் கண்காணிப்புக் குழு நிறுத்திவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரம் ஜீப் வெளிச்சத்தில் ஒரு கட்டைப் பிரித்துப் பரப்பி வைத்து ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார், இன்னொருவர் எங்கள் வேட்பாளரின் சிரித்த முகத்தை வரிசையாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், ஒரு கொடி வேறு காற்றில் கிளம்பிப் போய் முள் வேலியில் மாட்டிக்கொண்டது. அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர் எல்லாம் தாளின் அடியில் சரியாக இருந்தன. பில் இல்லை. பத்தாயிரத்துக்கு மேல் மதிப்புள்ள பிரச்சாரப் பொருளைக் கட்சிக்காரர் வண்டியில் பில் இல்லாமல் கொண்டுவந்தால் விடமாட்டார்கள். பொருளாளரை எழுப்பி, அவர் அச்சகக்காரரை எழுப்பி, பில் வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்தால் அது எல்லாத் தொகுதிக்கும் சேர்த்து ஒரே பில், கட்சி பெயரில்! எங்கள் பங்கு எவ்வளவு என்று அதில் ஒரு வரி கிடையாது. தலைமையின் லெட்டர்பேடில் தொகுதிவாரியாகப் பிரித்து எழுதி, கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைக் காட்டித்தான் கட்டுகளை மீட்டோம். அந்தக் குழுவில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

செலவுப் பதிவேட்டைப் பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை தேர்தல் செலவின அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு ரோஸ், வங்கிக்கு மஞ்சள். நாம் எழுதுவது ஒரு பக்கம் இருக்க, அவர்கள் வீடியோ பார்த்து, மாவட்ட விலைப் பட்டியலை வைத்து ஒரு நிழல் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் மோதும் இடத்தில்தான் வேடிக்கை. எங்கள் மைக் செட் கட்சிக்காரருடையது, பட்டியலில் இருந்த வாடகையில் பாதிகூட அவர் வாங்கவில்லை. ‘இந்த விலைக்கு எப்படிக் கிடைத்தது’ என்று கேட்டார்கள். அவர் ரசீதும் கையெழுத்திட்ட கடிதமும் கொடுத்தார், குறைத்த பாகத்தை அவர் செய்த உதவி என்று வரவில் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். ஓசியில் ஓடிய காருக்கும் அதே கதை. இனாமாக வந்தால் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள், இனாமுக்கும் ஒரு விலை எழுதியாக வேண்டும். ஒரே ஆளுக்குத் தேர்தல் முழுவதும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும், வேன் டிரைவருக்கு இருநூறு முந்நூறாகக் கொடுத்தே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவோம்.

தலைவர் வருகை தனிக் கூத்து. எங்களைப் போன்ற கட்சியும் இருபது நட்சத்திரப் பேச்சாளர்கள் வரை பட்டியல் கொடுக்கலாம், அறிவிக்கை வந்த ஏழு நாட்களுக்குள் கொடுத்தால் அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. ‘நட்சத்திரம்னா சினிமாக்காரங்க தானே, நம்மகிட்ட யாரு இருக்கா’ என்று தலைமையில் யாரோ சொல்லி, பட்டியல் போகவே இல்லை. விளைவு, தலைவர் வந்த வேனின் வாடகையும் டீசலும் எங்கள் கணக்கில். மேடையில் பக்கத்துத் தொகுதி வேட்பாளரும் ஏறினார், அதனால் கூட்டச் செலவு ஆளுக்குப் பாதி. இது பரவாயில்லை, விதியே அப்படித்தான். மேடைக்குப் பணம் கொடுத்தது தலைமை. பில் கேட்டால் ‘மேடை, மைக், சேர், லைட் மொத்தம்’ என்று எழுதி ஒரு தொகை போட்ட துண்டுச் சீட்டு வந்தது. தேதி இல்லை, யார் கொடுத்தார், யார் வாங்கினார் எதுவும் இல்லை. அதைத் தேர்தல் செலவினப் பார்வையாளரிடம் நீட்ட எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாவது ஆய்வில் இரண்டு பதிவேட்டுக்கும் இருந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, 48 மணி நேரத்தில் பதில் கொடுக்க வேண்டும். பந்தல்காரரின் கடைக்கே போய் உட்கார்ந்து, முறையான பில் எழுதி வாங்கி, அதைச் சேர்த்துத்தான் பதில் கொடுத்தோம்.

வாக்குப்பதிவு ஏப்ரல் 19, முடிவு ஜூன் 4. சட்டப்படி மனுத் தாக்கல் நாளிலிருந்து முடிவு நாள் வரை கணக்கு ஓடும், ஆகவே பூத் ஏஜென்டுகள் கலைந்து போன பிறகும் பதிவேடு மட்டும் திறந்தே இருந்தது. வாக்கு எண்ணிக்கை முகவர்களின் சாப்பாடு வரை எழுதினேன்.

ஜூலை 4க்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் முழுக் கணக்கு. கொடுக்கத் தவறினால் மூன்று வருடம் போட்டியிட முடியாமல் போகலாம். இதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன், குழி வேறு இடத்தில் இருந்தது. கட்சியும் தன் பங்குக்கு ஒரு கணக்குக் கொடுக்க வேண்டும், வேட்பாளர்களுக்குக் கொடுத்த தொகையை மட்டும் 30 நாளில், முழுச் செலவை நாடாளுமன்றத் தேர்தல் என்றால் 90 நாளில். எதற்கும் இருக்கட்டும் என்று அவர்கள் நகலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வேட்பாளர் பெயருக்கு நேராக இரண்டு லட்சம்! மஞ்சள் தாளில் ஒன்றரை லட்சம், வங்கிப் புத்தகத்தில் ஒன்றரை லட்சம், கட்சிக் கணக்கில் மட்டும் இரண்டு. அப்படியே போயிருந்தால் ஐம்பதாயிரத்தை நாங்கள் மறைத்ததாகத்தான் அர்த்தம். பொருளாளரிடம், ‘அண்ணே, பணமா குடுத்தது வேற, பொருளா குடுத்தது வேற’ என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. அவர் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை, ‘தீர்மானத்துல ரெண்டுன்னு தானப்பா இருக்கு’ என்பதையே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரே கட்சியின் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்து, ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, ‘சரி, மாத்தி அடிக்கச் சொல்றேன்’ என்றார். இந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். பணம் ஒன்றரை, அச்சுப் பொருள் பங்கு தனியாக, கூட்டச் செலவில் பாதி தனியாக என்று இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போனது. சரிபார்ப்புக் கூட்டத்தில் எங்கள் கோப்பைப் புரட்டிய கணக்கர், பெரிய கட்சிக்காரர்கள் கோப்பைவிட இது பரவாயில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. கணக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன், நீங்களும் எடுத்து வையுங்கள்.

கட்சிக்கு மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேட்பாளர் தொகையை மனுத் தாக்கல் தொடங்கிய உடனே அனுப்புவது, அச்சுப் பில்லைத் தொகுதிவாரியாக வாங்குவது, பேச்சாளர் பட்டியலை முதல் நாளே கொடுப்பது. சட்டமன்றத் தேர்தல் என்றால் உச்சவரம்பு 40 லட்சம், கட்சிக் கணக்குக்கு 75 நாள், மற்றபடி எல்லாம் இதே கூத்துதான். பின் இரண்டுக்கும் சரி என்றார்கள். முதலாவதைப் பற்றிக் கேட்டால், தலைவர் கையெழுத்து கிடைக்க வேண்டுமே என்கிறார்கள்.