அப்பாவின் 'ம்'

"அப்பா, ராத்திரி நல்லா தூங்குனீங்களா?"

"ம்."

அந்த ஒரு 'ம்'மிலேயே அவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துவிட்டது. "காய்ச்சலா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. வழக்கமாக அவருடைய 'ம்' கீழே இறங்கி, அழுத்தமாக முடியும். இன்று பாதியிலேயே மூச்சோடு கரைந்துபோனது.

ஃபோனை வைத்த பிறகும் அதுவே மனதில் ஓடுகிறது.

பழைய தரைவழித் தொலைபேசி, நொடிக்கு சுமார் 300 முதல் 3400 அதிர்வுகள் (ஹெர்ட்ஸ்) வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ் பக்கம். அப்படியென்றால், நான் விடுதியில் இருந்த காலத்தில் வாரா வாரம் கேட்ட அப்பாவின் கனத்த குரலில், அந்த அடிநாதம் கம்பி வழியாக வரவே இல்லை! அதன் மடங்குகளாக, குரலோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் அதிர்வெண்கள் மட்டும் வந்தன. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து, வராத அடிக்குரலை மூளை தானே கட்டி எழுப்பிக்கொண்டது.

அத்தனை வருஷம் அதைத்தான் அப்பா என்று கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட வேண்டும். 'ம்' எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும்.