பாணுக்குள் போகும் நொதியமும் அதை முகரும் தொழிலாளியும்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ உள்ள ஒரு வெதுப்பகத்தில், கோதுமை மாச் சாக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும், பாண் நன்றாகப் பொங்க மாவில் கலக்கும் பாண் இம்புறூவர் தூளின் பொதியை எடுத்துப் பார்த்தால், உள்ளடக்கப் பட்டியலில் பல வேளைகளில் அமைலேசு என்ற நொதியத்தைக் காணலாம். மாப்பொருளைச் சீனியாக உடைத்து ஈஸ்டுக்கு உணவாக்கும் இந்த நொதியம் பெரும்பாலும் அசுப்பர்ஜிலசு ஒரைசே என்ற பூஞ்சணத்தை வளர்த்துப் பெறப்படுகிறது. பூஞ்சணம் என்றதும் எங்கள் சனங்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஈரம் பிடித்த கச்சானில் அஃப்ளடொக்சின் நஞ்சை உண்டாக்கும் அசுப்பர்ஜிலசு பிளேவசு, ஒரைசேக்கு மிக நெருங்கிய உறவு.

ஆகவே நொதியங்களின் பாதுகாப்புப் பற்றிய ஆராய்ச்சியும் அந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறது. நொதியம் ஒரு புரதம். உண்டால் பெரும்பாலும் மற்றப் புரதங்களைப் போலச் சமித்துவிடும். அதைச் சுரந்த நுண்ணங்கி கூடவே வேறு எதைச் சுரந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. 1983இல் அமெரிக்காவில் பரிசாவும் ஃபொஸ்டரும் முன்வைத்த மதிப்பீட்டு முறை உற்பத்திக் குலவகையின், அதாவது நொதியத்தைச் சுரக்க வளர்க்கும் நுண்ணங்கி இனத்தின் குறித்த உட்பிரிவின், பாதுகாப்பையே முதன்மைப்படுத்தியது. இனத்தின் பெயர் நல்லதாக இருப்பது போதாது. அசுப்பர்ஜிலசு நைஜரின் சில குலவகைகள் ஒக்ரடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், சில சுரக்காது.

அடுத்து, தூய நொதியத்தை மட்டுமன்றி, வளர்ப்பூடகத்திலிருந்து அதனோடு வந்த மற்றப் பொருள்களையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். நீர், சாம்பல், கலப்புப்பொருள் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சும் மொத்தச் சேதனத் திண்மமே கணக்கின் அடிப்படை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, மரபணுப் பாதிப்புச் சோதனையோடு, தேவைப்படும்போது எலிகளுக்கு 90 நாள் உணவூட்டிய ஆய்வையும் கேட்கும். அதில் தீங்கு தெரியாத அதியுயர் அளவை, மனிதர் உண்ணக்கூடிய அளவோடு ஒப்பிடும். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவின் பொது வரையறை இன்னும் நேரடியானது: ஈயம் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது, 25 கிராமில் சல்மனெல்லா இருக்கக்கூடாது, நுண்ணுயிர்கொல்லிச் செயற்பாடும் இருக்கக்கூடாது.

இந்த வரிசையில் தேறிய நொதியம் இட்ட பாணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. போறணையில் பாணின் உட்பகுதி 90 பாகைக்கு மேல் சூடேற, பூஞ்சண அமைலேசு செயலிழந்துவிடுகிறது.

என் கவலையெல்லாம் மா குழைப்பவரைப் பற்றியது. விடியமுன் குழைதொட்டியின் மேல் குனிந்து அவர் பொதியைக் கிழித்து உதறும்போது எழும் தூசில், சூடு படாத நொதியம் முழுமையாக இருக்கிறது. அதை நாள்தோறும் மூச்சோடு இழுப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டுத் தும்மலும், மூக்கால் நீர் வடிதலும், காலப்போக்கில் ஆஸ்துமாவும் வரலாம். பூஞ்சண அமைலேசு வெதுப்பகத் தொழிலாளரின் ஆஸ்துமாவுக்கு ஒரு காரணி என்பது மருத்துவம் நன்கறிந்த விடயம். வன்னியில் இதை ‘மாத்தூசு இருமல்’ என்று தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வேலை நாளில் கூடி லீவில் குறையும் இழுப்பு என்றால், என்ன தூளோடு வேலை செய்கிறோம் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதலாளிமார் செய்யக்கூடியவை செலவு கூடியவை அல்ல. பொதியை உயரத்திலிருந்து உதறாமல் மாவுக்கு அருகே மெதுவாகக் கொட்டச் சொல்லலாம். தண்ணீர் கலந்து மா நனையும் வரை இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். நிலத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கலாம். தூசைத் தடுக்கும் தரமான முகக்கவசம் வாங்கிக் கொடுக்கலாம். தூளுக்குப் பதிலாகக் குறுணியாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்றும், எந்த நுண்ணங்கியிலிருந்து பெறப்பட்டது என்றும் விநியோகத்தரிடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.