மறுகாவுக்குப் பிறகு பதினொரு விநாடி

ஒலிப்பதிவுக்குப் போகிற வீட்டில் நான் முதலில் தேடுவது ஃபிரிட்ஜைத்தான். அதன் இரைச்சல் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகாது. அதை நிறுத்திவிட்டு என் மோட்டார் சைக்கிள் சாவியை உள்ளே வைத்துவிடுவேன். சாவி எடுக்கத் திறந்தால்தான் வீட்டுக்குப் போகலாம், அப்போது சுவிட்சைப் போட மறக்காது. கிண்ணியாவில் ஒரு வீட்டில் அப்படி மறந்துவிட்டு வந்ததில் ஐந்தாறு தயிர்ச்சட்டி பழுதாகிப்போனது. மறுநாள் காசு கொண்டுபோனேன், வாங்கவில்லை. தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

திருகோணமலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சொந்தக் காசில் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கிறோம். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது, சனி ஞாயிறில்தான் படப்பிடிப்பு. கமரா விஷயத்தில் எவரும் சோடை இல்லை. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் துடிக்காமலிருக்க ஷட்டரை 1/50இல் வைக்கவேண்டும் என்று புதிதாக வந்த தம்பிகூடச் சொல்வான். ஒலி என்று வந்தால் மட்டும், "அதைப் பிறகு டப் பண்ணலாம் அண்ணை." இந்த ஒரு வசனத்தோடுதான் எனக்குப் பல வருடச் சண்டை.

டப்பிங் அறைக்குள் போனதும் எங்கள் ஆட்களின் நாக்கு மாறிவிடுகிறது. கடற்கரையில் "வாறன், கொஞ்சம் நில்லு" என்றவர், மைக்கைக் கண்டதும் "வர்றேன், கொஞ்சம் இரு" என்கிறார். சினிமா என்றால் இப்படித்தான் பேசவேண்டும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த காது அது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாற்று சினிமா எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்களும் அதை விட்டுக்கொடுத்தால் எதை மாற்றுகிறோம்? தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் 1977இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். அந்த மண்ணுக்குப் போய்க் காது கொடுக்கவேண்டும் என்று வெளியாள் ஒருவருக்கே தோன்றியிருக்கிறது.

நிலாவெளிப் பக்கம் கரைவலை பற்றி நண்பர் ஒருவர் படம் எடுத்தார். வலையை இழுத்தது ட்ராக்டரில் பூட்டிய வின்ச். எடிட்டில் அதன் இரைச்சலை எடுத்துவிட்டு, பழைய அம்பாப் பாட்டைப் போட்டிருந்தார். கேட்க அழகாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பா என்பது பத்திருபது பேர் ஒரே மூச்சில் கால் ஊன்றி இழுப்பதற்கான தாளம். இழுக்கிற கை இல்லாத இடத்தில் அந்தப் பாட்டு பொய். எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்கவைக்க வேண்டும், இழப்பு அதற்குள்தான் இருக்கிறது. அவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அப்புறம் எஞ்சினைத் திரும்பப் போட்டார்.

மூதூரில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டபோது ஊரே கிளம்பிக் கந்தளாய்ப் பக்கம் போனது. அதைப் பற்றி ஓர் உம்மாவிடம் கேட்கப் போயிருந்தோம். ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் நிறுத்தியாயிற்று. கச்சான் காலம், அறை வெந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னா. பிள்ளையைத் தூக்கியது, வழியில் தண்ணீர் கேட்டது, செருப்பு அறுந்தது. "மறுகா..." என்றா. "பிறகு" என்பதற்கு அந்தப் பக்கத்துச் சொல் அது. அதோடு நிறுத்திவிட்டா. ஹெட்போனில் எனக்கு அவவின் வளையல் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. முற்றத்தில் காகம். தொண்டைக்குள் எச்சில் இறங்கியது. பிறகு, "சரி மகன், அது போகட்டும்" என்றா. பேச்சு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச்சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிந்துகொண்டேன். வெட்டு ஒட்டு தெரியாமலிருக்க அது வேண்டும்.

எடிட்டில் அந்த இடம் பதினொரு விநாடி. விழாவுக்கு அனுப்பும் படம், நீளம் குறையவேண்டும், "மறுகா" வெளியாட்களுக்கு விளங்காது, இரண்டையும் தூக்கிவிடலாம் என்றார் இயக்குநர். உப்புவெளியில் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் இரவு பதினொரு மணிவரை வாக்குவாதம். சொல் விளங்காவிட்டால் கீழே எழுத்துப் போடலாம், அந்த மௌனத்துக்கு எதைப் போடுவது என்று கேட்டேன். வேறு நியாயம் என்னிடம் இல்லை. கடைசியில் அரைமனதோடு விட்டுவைத்தார்.

விழாவுக்கு முன்னால் மூதூரில் ஒரு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினோம். உம்மா வரவில்லை, மகள் வந்திருந்தா. திரையில் "மறுகா..." வந்தது. நான் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலோ ஐந்தோ ஆகியிருக்கும். பின்வரிசைப் பாயிலிருந்து வயதான ஒரு குரல், பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னது:

"சொல்லு புள்ள. மறுகா?"