பிள்ளை தலைவலி என்று சொன்னால் நம்புங்கள்

"ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நாடகம் போடுகிறான்" என்று ஐந்து வயதுப் பிள்ளையின் தலைவலியைத் தள்ளிவிடுகிற பெரியவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அரை இட்லியோடு வேன் ஏறி, பாட்டில் தண்ணீரைத் தொடாமலே திரும்பக் கொண்டுவருகிற பிள்ளைக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? சளி, காய்ச்சல், தூக்கக் குறைவு, பெரும்பாலும் இவைதான் காரணம். கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், ஆனால் கண்ணாடி போட்டால் எல்லாத் தலைவலியும் போய்விடாது.

சின்னப் பிள்ளைகளுக்கும் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி வரும். பெரும்பாலும் ஒரு பக்கமாக இல்லாமல் நெற்றி முழுக்க வலிக்கும், முகம் வெளுத்து, வாந்தி எடுத்து, இருட்டறையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடப் போய்விடும்; அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மைக்ரேன் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, விடிகாலை வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்புறம், தாத்தாவுக்கு வாங்கி வைத்த ஆஸ்பிரினைப் பாதி உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், குழந்தைகளுக்கு அது அபூர்வமாக ஈரலையும் மூளையையும் தாக்கிவிடும். பாராசிட்டமால்கூட எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவுதான்.