அனகோண்டா: சொற்பிறப்பு வினாவுக்கு இப்படிப் படிக்கலாம்

முதுகலை மொழியியலில் 'ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள்' பகுதியைப் படித்தபோது எனக்கு அதிகம் கற்றுத்தந்த சொல் அனகோண்டா. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் மூலத்தில் சர்ச்சை இல்லாத சொற்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும். அனகோண்டாவுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

'ஆனையைக் கொன்றான் என்பதே அனகோண்டா ஆனது' என்று ஒரே வரியில் விடை எழுதுவது பரவலான பழக்கம். அந்தக் கருத்தைச் சொன்னவர் ஹென்றி யூல், ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் பெயரோடு எழுதினால்தான் அது விடை.

நான் கடைப்பிடித்த முறை இது: ஒலி ஒற்றுமையைப் பார்ப்பதற்கு முன், அந்தச் சொல் முதலில் எங்கே எழுதப்பட்டது என்று தேடுவேன். அனகோண்டாவுக்கு அது 1693. ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் தம் லத்தீன் நூலில், லெய்டன் அருங்காட்சியகப் பாம்புகளின் பட்டியலைத் தருகிறார். அதில் இலங்கையர் 'அனகண்டாயா' என்று அழைக்கும் பாம்பு ஒன்று வருகிறது; எருமை முதலிய விலங்குகளின் உறுப்புகளை நொறுக்குவது என்பது குறிப்பு. ஆக, சொல் பிறந்த இடம் அமேசான் அல்ல, இலங்கை. பிரேசில்காரர்கள் தங்கள் பாம்பைச் சுகுரி என்றுதான் அழைக்கிறார்கள்.

சிக்கல் இனிமேல்தான். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்று ஒரு பெயர் உண்டு. ஹென என்றால் மின்னல், கந்த என்றால் தண்டு. இலங்கை வரலாற்றை ஆராய்ந்த டொனால்ட் ஃபெர்குசன் இதையே மூலமாகக் காட்டினார். ரே எழுதிய வடிவத்தின் '-கண்டாயா' என்ற ஈறு இதோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. 'கொன்றான்' அவ்வளவு பொருந்தவில்லை. ஆனால் ஹெனகந்தயா கொடிபோல் மெலிந்த பாம்பு, எருமையை நொறுக்காது. பொருளைப் பார்த்தால், எருமையை நொறுக்கும் மலைப்பாம்பும் ஆனையைக் கொல்வது என்ற தமிழ் விளக்கமும் நெருங்கி வருகின்றன. மெலிந்த பாம்பின் பெயர் எப்படியோ மலைப்பாம்புக்குப் போய்விட்டது என்பது ஃபெர்குசன் தரப்பு. ஒலி ஒரு பக்கம், பொருள் மறுபக்கம். இந்த இழுபறியை விடையில் காட்டுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. என் முடிவைக் கேட்டால், எழுத்துச் சான்றை வைத்துச் சிங்களத்துக்கே கூடுதல் வாய்ப்பு என்பேன். தமிழ்மேல் உள்ள பற்று இதனால் குறையாது.

1768இல் ஸ்காட்ஸ் மேகசினில் ஆர். எட்வின் என்பவர் பெயரில் வந்த கதையையும் சேருங்கள். இலங்கையில் அனகோண்டா ஒரு புலியை நொறுக்கிக் கொன்றதாம். இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது. கற்பனைதான், ஆனாலும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பரப்பியது அதுவே என்கிறார் யூல்.

அடுத்து 'கறி'யை இதே முறையில் எடுத்துப் பாருங்கள். அங்கே போர்த்துகீசியமும் குறுக்கே வரும்.