கட்டடத்துக்கு இல்ல, ஆளுக்குக் காசு குடுங்கோ

இலங்கையின்ர வடக்கில வன்னிக்கு மனநலத்துக்கெண்டு நிதி வருதாம் எண்டா எங்கட பக்கம் முதல் கேள்வி எங்க கட்டடம் போடப் போறீங்கள் எண்டதுதான், எனக்கு அதில உடன்பாடே இல்ல. ஒட்டுசுட்டான், துணுக்காய் உள்பக்கத்தில இருக்கிற ஒரு அம்மா கிளினிக்குக்கு பஸ் பாத்து போய் வாறதெண்டா அண்டைக்கு கூலி போச்சு, அடுத்த மாசம் போகமாட்டா, மருந்து நிண்டிடும், வருத்தம் திரும்ப வந்திடும், ஏனம்மா வரேல்ல எண்டு வீட்ட போய்க் கேக்க ஒரு ஆள் வேணும். காசு அதுக்குத்தான் வேணும்!

2004 சுனாமிக்குப் பிறகு சில மாவட்டங்களில ஊர் ஆக்களுக்கே பயிற்சி குடுத்து மனநல சேவைக்க எடுத்தவை, 2005இல வந்த தேசிய மனநலக் கொள்கையும் சமூகத்தோட சேந்த சேவையத்தான் சொல்லுது. புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்ல.

2017 மாசியில இருந்து கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளத் தேடிப் போராட்டத்தில இருந்த அம்மாமார நினைச்சுப் பாருங்கோ, அவை டொக்டரிட்ட கொஞ்ச நேரத்தில எதச் சொல்லுறது. மாதர் சங்கத்தில, கோயிலடியில, தங்களப்போல ஆக்களோட இருக்கேக்கதான் வாய் திறப்பினம். அந்தச் சங்கத்துக்கும் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் நடுவில சம்பளத்தோட ஒரு ஆள் இருந்தா எவ்வளவோ செய்யலாம், ஆனா ஒரு வருஷ புரொஜெக்ட் எண்டு வேண்டாம், பழகி நம்பிற நேரத்தில விட்டுட்டுப் போனா சனம் பிறகு ஆரிட்டயும் கதைக்காது.

இப்ப அவசரமெண்டா 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், தமிழிலயும் கதைக்கலாம்.